ஒடியும் பொருளில் பேனா கடைதல்: தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

எபோனைட் (கந்தகம் சேர்த்து இறுகச் செய்த ரப்பர்), அக்ரிலிக், பாலியெஸ்டர் பிசின், எருமைக் கொம்பு, மாட்டெலும்பு, கொட்டாங்கச்சி, கருங்காலி என்று, கையால் பேனா செய்பவர் ஆசைப்பட்டு எடுக்கும் பொருள்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை அதிகம் வளைந்து கொடுக்காமல் ஒடியும் இனத்தைச் சேர்ந்தவை என்பது தெரியும். இது தற்செயலாக அமைந்ததில்லை. கண்ணாடிபோல் பளபளப்பு ஏறுவதற்கும், மரையின் விளிம்பு கூர்மையாக நிற்பதற்கும், விரலுக்கு வழவழப்பாக இருப்பதற்கும் பொருளில் கடினமும் அடர்த்தியும் வேண்டும். அந்த இரண்டும் உள்ள பொருள் பெரும்பாலும் ஒடியும் குணத்தையும் கூடவே கொண்டு வருகிறது.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கடைசல் வேலைக்கு நீண்ட பழக்கம் உண்டு. ஊஞ்சல், தொட்டில், மாடிப்படிக் கைப்பிடி என்று பர்மாத் தேக்கில் கடைந்த வேலைப்பாடுகளைச் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் பார்க்கலாம். அந்தக் கைப்பழக்கத்தோடு பேனாவுக்கு வருபவர்களுக்கு முதலில் ஒரு தடுமாற்றம் ஏற்படுகிறது. தேக்கு பொறுத்துப் போகும் மரம். உளியைக் கொஞ்சம் அழுத்திவிட்டாலும் நார் பிய்ந்து மேற்பரப்பு சொரசொரப்பாகும், அவ்வளவுதான்; உப்புத்தாள் போட்டு அதைச் சரிசெய்துவிடலாம். அதே அழுத்தத்தைப் பாலியெஸ்டர் தண்டில் கொடுத்தால் ஒரு சில்லு தெறித்துப் பள்ளம் விழுகிறது, அல்லது தண்டே இரண்டாகிறது. இதற்குக் காரணம் கையின் முரட்டுத்தனம் என்று நினைத்து மனம் தளர்பவர்கள் உண்டு. பொருளின் இயல்பைப் புரிந்துகொண்டால், எங்கே மெதுவாகப் போக வேண்டும், எங்கே தயங்க வேண்டியதில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும். அந்த இயல்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒடியும் தன்மை என்றால் என்ன?

ஓர் இரும்புக் கம்பியை வளைத்தால் அது வளைந்து அப்படியே நிற்கிறது. மேலும் வளைத்தால் மேலும் வளைகிறது. உடைவதற்கு முன் நெடுநேரம் எச்சரிக்கிறது. ஒடியும் பொருள் அப்படி எச்சரிப்பதில்லை. விசையை ஓர் அளவு வரை தாங்கிக்கொண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அந்த அளவைத் தாண்டிய நொடியில் முறிகிறது. தேன்குழலை ஒடிப்பதற்கும் அதிரசத்தைப் பிய்ப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. ஒன்று படக்கென்று முறிந்து, முறிந்த இரண்டு துண்டும் மறுபடி பொருந்துகிற வடிவில் இருக்கிறது; மற்றது இழுபட்டு, உருமாறிப் பிறகே பிரிகிறது.

ஒடியும் தன்மை, கடினம், வலிமை ஆகிய மூன்றையும் தொடங்குவோர் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கம். கடினம் என்பது கீறலை எதிர்க்கும் திறன். வலிமை என்பது முறியாமல் தாங்கும் விசையின் அளவு. ஒடியும் தன்மையோ, முறியும் நேரத்தில் பொருள் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்பதைப் பற்றியது. எஃகைச் சீவும் அரம் மிகக் கடினமானது, வலிமையும் உள்ளது. ஆயினும் கல்தரையில் விழுந்தால் உடையக்கூடியது. ஆகவே ஒரு பேனாத் தண்டு ஒடியும் இனம் என்பதால் அதை நோஞ்சான் என்று கருத வேண்டியதில்லை. சரியான திசையில் விசை வந்தால் அது நிறையவே தாங்கும்.

திசை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒடியும் பொருள்கள் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இதற்கு ஆத்தங்குடிக் கல்லைக் காட்டிலும் நல்ல சான்று இந்த ஊர்ப் பக்கத்தில் இல்லை. சிமென்ட்டும் மணலும் சேர்த்துக் கண்ணாடிப் பலகையின்மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்யும் அந்தக் கல், சமமான படுகையில் பதித்துவிட்டால் பந்தி பந்தியாக ஆட்கள் நடந்தாலும் தலைமுறைக்கும் நிற்கும். அதே கல்லை இரண்டு செங்கற்களின்மேல் பாலம்போல் வைத்து நடுவில் ஒருவர் ஏறினால் உடைந்துவிடும். பாரம் மாறவில்லை. ஆனால் இப்போது கல்லின் அடிப்பரப்பு இழுபடுகிறது. விரிசல் அந்த அடிப்பரப்பில் தொடங்கி மேல்நோக்கி ஓடுகிறது. பேனா வேலையில் நேரும் முறிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றை இந்த ஒரே பார்வையால் விளக்கிவிடலாம்: எங்கோ ஒரு பரப்பு இழுபட்டது.

கீறல் ஏன் இவ்வளவு ஆபத்தானது?

இழுப்பு மட்டும் போதாது. விரிசல் தொடங்க ஓர் இடம் வேண்டும். 1913-ஆம் ஆண்டில் இங்லிஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர், தகட்டில் உள்ள ஓட்டையின் விளிம்பில் தகைவு, அதாவது ஓர் இடத்தில் விசை செறியும் அளவு, எவ்வளவு கூடுகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். அகலமான தகட்டை இழுக்கும்போது, அதில் வட்டமான ஒரு துளை இருந்தால், துளையின் ஓரத்தில் தகைவு மற்ற இடத்தைப்போல் மூன்று மடங்காகிறது. துளை நீண்டு கூர்மையான கீறலாக மாற மாற இந்த மடங்கு ஏறிக்கொண்டே போகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழமுள்ள கீறலை எடுத்துக்கொள்வோம். அதன் நுனி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூர்மையாக இருந்தால், அந்த நுனியில் தகைவு ஏறத்தாழ இருபது மடங்காகிவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு கோடு, தண்டின் தாங்கும் திறனை அந்த இடத்தில் இவ்வளவு குறைத்துவிடுகிறது.

இதன் அடுத்த படியை ஏ. ஏ. கிரிஃபித் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1921-இல் வெளியான தம் ஆய்வில் எடுத்து வைத்தார். கண்ணாடி, கணக்குப்படி தாங்க வேண்டிய விசையில் மிகச் சிறிய பங்கிலேயே உடைவது ஏன் என்பது அவருடைய கேள்வி. பொருளுக்குள்ளும் மேற்பரப்பிலும் ஏற்கனவே இருக்கும் நுண்ணிய விரிசல்களே காரணம் என்றும், ஒரு விரிசல் குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டிவிட்டால் அது வளர்வதே பொருளுக்கு எளிதாகிவிடுகிறது என்றும் அவர் விளக்கினார். இழையாக நீட்டப்பட்ட கண்ணாடி, இழை மெலிய மெலிய வலிமை கூடியதாக இருப்பதையும் அளந்து காட்டினார். மெல்லிய இழையில் பெரிய விரிசலுக்கு இடமில்லை.

இளகும் இயல்புள்ள உலோகத்தில் விரிசலின் நுனி சற்றே நெகிழ்ந்து மழுங்குவதால் ஓட்டம் தடைப்படுகிறது. ஒடியும் பொருளில் நுனி கூர்மை குன்றாமலே இருக்கிறது. கடைசலில் நாம் செய்யும் ஒவ்வொரு வேலையிலும் உளி, துளையூசி, மரைவெட்டி, உப்புத்தாள் ஆகிய அனைத்தும் கீறல்களைப் போட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. ஆகவே நாம் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டே கேள்விகள்: இப்போது எந்தப் பரப்பு இழுபடுகிறது? அந்தப் பரப்பில் எப்படிப்பட்ட கீறலை விட்டுவைத்திருக்கிறேன்? இனி வேலையின் போக்கிலேயே இவற்றைப் பார்ப்போம்.

துளை போடுதல்

பேனா வேலையில் அதிகமான தண்டுகள் பலியாகும் இடம் துளைதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. துளையூசி தண்டுக்குள் செல்லும்போது அதற்கு முன்னால் இருக்கும் பொருள் அமுக்கப்படுகிறது. அதுவரை ஆபத்து குறைவு. ஊசி மறுமுனையை நெருங்கும்போது, முன்னால் மிஞ்சியிருப்பது ஒரு மெல்லிய வட்டத்தகடு மட்டுமே. அது பின்னாலிருந்து தள்ளப்பட்டு, வெளிப்பரப்பில் இழுபட்டு, ஊசி வெட்டுவதற்குள் தெறித்துவிடுகிறது. வெளியே வந்த பிறகு பார்த்தால், துளையின் வாயைச் சுற்றி கிண்ணம்போல் ஒரு பள்ளமும், அதிலிருந்து தண்டின் நீளவாக்கில் கிளம்பும் ஒன்றிரண்டு மயிரிழை விரிசல்களும் இருக்கும். பள்ளத்தைக் கடைந்து எடுத்துவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். மயிரிழைகள் அப்படியே தங்கி, பிறகு உலோகப் பாகத்தை உள்ளே அழுத்தும் நாளில் வெளிப்படும்.

இதைத் தவிர்க்கும் வழி எளிமையானது. தண்டைத் தேவைக்கு மேல் ஒரு சென்டிமீட்டராவது நீளமாக அறுத்துக்கொண்டு, துளையை மறுமுனை வரை கொண்டுபோகாமல் உள்ளேயே நிறுத்திவிட வேண்டும். பின்னர் மூடியிருக்கும் அந்தப் பகுதியை மெல்லிய பல்லுள்ள வாளால் அறுத்தெடுத்தால், துளையின் வாய் சேதமின்றித் திறக்கும்.

துளையூசியின் முனையைப் பற்றியும் ஒரு சொல். கடைகளில் கிடைக்கும் சாதாரண ஊசி இரும்புக்காகச் சாணை பிடிக்கப்பட்டது. அதன் வெட்டுவிளிம்பு பொருளைத் தோண்டி மேலே இழுக்கும் கோணத்தில் அமைந்திருக்கும். இரும்பில் அது சீவலைச் சுருளாகத் தூக்குகிறது. பிசினிலோ ஊசி தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொண்டு, கையின் கட்டுப்பாட்டை மீறி ஒரே தாவலில் இறங்கிவிடுகிறது. சிறிய வைர அரத்தால் அந்த விளிம்பில், அச்சுக்கு இணையாக, ஒரு மெல்லிய தட்டைப் பட்டையை ஏற்படுத்திவிட்டால் ஊசி தோண்டாமல் சுரண்டத் தொடங்கும். பித்தளையில் துளை போடுபவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் திருத்தம் இது. அக்ரிலிக்குக்கும் பாலியெஸ்டருக்கும் அவ்வளவே பயன்படுகிறது. இத்தகைய ஊசிகளைத் தனியாக வைத்துக்கொள்வதே நல்லது.

வேகம் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றுக்குள் இருந்தால் போதும். நான்கைந்து மில்லிமீட்டர் இறங்கியதும் ஊசியை முழுவதுமாக வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட வேண்டும். தூள் பள்ளத்தில் அடைத்துக்கொண்டால் உராய்வு கூடும். உராய்வு கூடினால் சூடு. சூடான பிசின் விரிந்து ஊசியைக் கவ்விக்கொள்ளும், குளிரும்போது துளையின் உட்பரப்பு இழுபட்ட நிலையிலேயே உறைந்துபோகும். வெளியே எந்த அடையாளமும் தெரியாத இந்த உள்தகைவைப் பற்றி மேலும் ஒன்றைக் கீழே சொல்லப்போகிறேன்.

உளியின் கோணமும் சீவலின் பேச்சும்

வெளிப்புறத்தைக் கடையும்போதும் இதே தத்துவம்தான். கூரிய கோணத்தில் பிடித்த உளி, சீவலை மேல்நோக்கித் தூக்கும். பச்சை மரத்தில் அது அழகாகச் சுருண்டு வரும். ஒடியும் பொருளில் அப்படித் தூக்கினால், உளியின் விளிம்புக்கு முன்னால், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒரு விரிசல் ஓடுகிறது; உளி அந்த இடத்தை அடைவதற்குள் சில்லு கழன்றுவிட, பின்னால் பள்ளம் நிற்கிறது. உளியின் மேல்முகம் கிடைமட்டமாகவோ, முனையை நோக்கிச் சற்றுத் தாழ்ந்தோ இருந்தால், விளிம்புக்கு முன்னுள்ள பொருள் தூக்கப்படாமல் அமுக்கப்படுகிறது. இழுப்பு நீங்குவதால் விரிசல் ஓட வழியில்லை. எதிர்க்கோணச் சுரண்டுளி என்று சொல்லப்படும் கருவியின் முழு இரகசியமும் இதுதான்.

உளியின் முனை தண்டின் மையத்துக்கு நேராக இருக்க வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் இருக்கலாம். ஒரு நடைக்கு எடுக்கும் கனம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் விட முக்கியம் உளியின் கூர்மை. மழுங்கிய உளி வெட்டுவதில்லை, தள்ளுகிறது. தள்ளும்போது கை தானாகவே அழுத்தத்தைக் கூட்டுகிறது. பாலியெஸ்டர் தண்டில் ஒரு பேனாவை முடிப்பதற்குள் உளியைச் சில தடவைகள் சாணை பிடிக்க நேர்ந்தால் அதை நேர விரயமாக எண்ணக்கூடாது. தேக்கைக் கடைந்துவிட்டு அதே உளியோடு பிசினுக்கு வருவது தவறு. தேக்கில் இயற்கையாகவே மணற்சத்து இருப்பதால் அது உளியை வேகமாக மழுக்கும்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்பதைச் சீவலும் ஓசையும் சொல்லிவிடும். தண்டு இன்னும் சதுரமாக இருக்கும்போது, அதன் நான்கு மூலைகளும் மாறி மாறி உளியில் மோதுவதால் தடதடவென்ற ஓசை வரும். ஆபத்து மிகுந்த கட்டம் அதுதான். மூலைகளை முன்பே வாளாலோ அரத்தாலோ களைந்துவிடுவது நல்லது. உருளையான பிறகு ஓசை ஒரே சீராக அடங்கி, எபோனைட்டிலும் நல்ல அக்ரிலிக்கிலும் சீவல் நீள நாடாவாக வந்து தண்டைச் சுற்றிக்கொள்ளும். பாலியெஸ்டரில் மெல்லிய வெண்தூளும் துண்டு நாடாக்களும் கலந்து வரும். நாடா நின்று, டக் டக் என்ற ஓசையோடு கண்ணுக்குத் தெரியும் சில்லுகள் விழத் தொடங்கினால், அந்த நொடியே உளியை எடுத்துவிட வேண்டும். பழைய கடைசல் ஆசாரிகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை இங்கே அப்படியே பொருந்தும்: "தம்பி, உளியைத் தள்ளாதே. கட்டை சுத்தி வந்து உளியைத் தேடட்டும், நீ இடத்தை மட்டும் காட்டு." அவர்கள் மரத்துக்குச் சொன்னது, பிசினுக்கு இன்னும் பொருத்தம்.

கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியோ முகமறைப்போ இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. பிசின் சில்லு கூர்மையானது. கொம்பு, எலும்பு, கொட்டாங்கச்சி ஆகியவற்றின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. நல்ல தூசு முகமூடி அணிய வேண்டும்.

மரை

பேனாவின் மூடியும் குழலும், குழலும் பிடியும் மரையால் இணைகின்றன. மரையின் ஒவ்வொரு பள்ளமும் இங்லிஸ் கணக்கிட்ட வகையைச் சேர்ந்த ஒரு கூரிய வெட்டு. அதை நாமே வேண்டுமென்று தண்டைச் சுற்றிலும் போடுகிறோம். ஆகவே பள்ளத்தின் ஆழத்தைக் குறைப்பதில் எல்லாம் இருக்கிறது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். குழலின் வாயில் வெளிப்புற மரையின் விட்டம் 13 மி.மீ., உள்ளே பிடி திருகும் மரையின் விட்டம் 9 மி.மீ. என்றால், சுவரின் கனம் 2 மி.மீ. மூடி ஒரு சுற்றுக்கு 2.4 மி.மீ. ஏறவேண்டும் என்று ஒற்றை மரையாக வெட்டினால், பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 1.5 மி.மீ. ஆகி, சுவரில் அரை மில்லிமீட்டர்தான் மிஞ்சும். அதே ஏற்றத்தை, 0.8 மி.மீ. இடைவெளியில் மூன்று மரைகளாகப் பின்னி வெட்டினால், ஆழம் அரை மில்லிமீட்டர், சுவரில் 1.5 மி.மீ. மிஞ்சுகிறது. மூடி விரைவாகக் கழல்கிறது என்பதற்காக மட்டும் மும்மரையைப் பாராட்டுபவர்கள் உண்டு. என் பார்வையில் அதன் பெரிய நன்மை சுவரைக் காப்பாற்றுவதுதான்.

வெட்டும்போது, தண்டின் விட்டத்தைக் குறித்த அளவைவிடப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் குறைத்துக்கொண்டால், மரையின் உச்சி முழுக் கூர்மை பெறாமல் சற்றுத் தட்டையாக நின்று, உதிராமல் இருக்கும். முனையைச் சாய்வாகச் சீவிவிட்ட பிறகே டையை (வெளிமரை வெட்டும் வளையக் கருவியை) ஏற்ற வேண்டும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று போய், தூளை உடைத்து வெளியேற்ற வேண்டும். சோப்புத் தண்ணீரோ மெழுகோ போதுமான வழுக்கலைத் தரும்.

எல்லாப் பொருளும் மரையைத் தாங்காது. எலும்பிலும் கொட்டாங்கச்சியிலும் நேரடியாக மரை வெட்ட முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே எபோனைட் குழல் ஒன்றைப் பொருத்தி, மரைகளை அதில் வெட்டிவிட்டு, ஒடியும் பொருளை வெளிப்போர்வையாக மட்டும் வைத்துக்கொள்வது சரியான வழி.

ஒட்டுதல், சூடு, சாராயம்

பித்தளைக் குழலைத் தண்டுக்குள் ஒட்டும் பேனாக்களில், குழல் துளைக்குள் இறுக்கமின்றி வழுக்கிச் செல்ல வேண்டும். அழுத்திச் செருகினால் தண்டு முழுவதும் உள்ளிருந்து விரிக்கப்பட்டு, வெளிப்பரப்பு சுற்றுவாக்கில் இழுபடும். அத்தகைய இழுப்பில் விரிசல் எப்போதும் நீளவாக்கில்தான் ஓடும். ஒடியும் பொருளுக்குச் சூப்பர் க்ளூவைவிட எப்பாக்சி நல்லது. சூப்பர் க்ளூ இறுகியபின் தானே ஒடியும் பொருளாகிவிடுகிறது. எப்பாக்சி சற்று விட்டுக்கொடுக்கும். முனைகளைச் சமப்படுத்தச் சுழல்வெட்டியை விட, தட்டையான பலகையில் ஒட்டிய உப்புத்தாளைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. உலோகப் பாகங்களை உள்ளே அழுத்துவதற்கு முன், குழலின் வாயில் ஒட்டிய பசையைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அந்த மெல்லிய பசைப்படலமே ஆப்பாக வேலை செய்யும்.

கருங்காலியில் நடப்பது வேறு. இங்கே சூட்டை விட ஈரப்பதமே காரணம். வெப்பநிலை 20 பாகை மாறினால் பித்தளையின் விட்டம் நூற்றில் 0.04 பங்குதான் மாறும். மரத்தின் ஈரப்பதம் நான்கு சதவீதம் குறைந்தால், குறுக்குவாக்கில் அது நூற்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கக்கூடும். ஐப்பசி கார்த்திகை மழையில் கடைந்து ஒட்டிய கருங்காலிப் பேனா, சித்திரை வெயிலில் சுருங்க முயலும்போது உள்ளே பித்தளை அசையாமல் நிற்கிறது, மரம் பிளக்கிறது. சிவகங்கை மாவட்டத்தின் வறண்ட கோடையை மனத்தில் வைத்து, நன்றாக உலர்ந்த மரத்தைக் கோடையிலேயே கடைவதும், பித்தளைக்குழல் இல்லாத அமைப்பைத் தேர்வதும் நல்லது.

மேலே சொன்ன உள்தகைவுக்கு வருகிறேன். அக்ரிலிக்கைச் சூடேற்றிக் கடைந்துவிட்டு, கடைசியில் அழுக்கு நீங்கட்டும் என்று ஸ்பிரிட்டாலோ கைச்சுத்திகரிப்புத் திரவத்தாலோ துடைத்தால், சில நிமிடங்களில் மேற்பரப்பில் வெள்ளி நூல்போல் நுண்விரிசல்கள் தோன்றக்கூடும். சாராயம் மேற்பரப்புக்குள் புகுந்து, ஏற்கனவே இழுபட்டு நிற்கும் இடங்களைப் பிரித்துவிடுகிறது. தகைவு இல்லாத அக்ரிலிக்கில் அதே திரவம் அவ்வளவு தீங்கு செய்வதில்லை. தொழிற்கூடங்களில், அக்ரிலிக் இளகத் தொடங்கும் ஏறத்தாழ 105 பாகைக்குக் கீழே, 80 பாகை அளவில் சில மணி நேரம் வைத்து மெதுவாகக் குளிரவிட்டு இந்தத் தகைவைப் போக்குவார்கள். வீட்டில் செய்பவருக்கு அந்த வசதி இல்லையென்றால், சூடேற்றாமல் கடைவதும் சோப்புத் தண்ணீரால் மட்டும் துடைப்பதும் போதும். பழைய செல்லுலாய்டு தண்டு யாரிடமாவது கிடைத்தால் அதைச் சூட்டுக்கு அருகிலேயே கொண்டுபோகக் கூடாது. அது எளிதில் தீப்பற்றும் பொருள்.

மெருகு

உப்புத்தாளும் பாலிஷும் அழகுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் பலர். லேத்து சுற்றும்போது போடும் கீறல்கள் தண்டைச் சுற்றி வளையமாக விழுகின்றன. பேனாவை வளைக்கும் விசை வரும்போது இழுப்பு நீளவாக்கில் இருப்பதால், அந்த வளையக் கீறல்கள் அதற்குக் குறுக்கே, மிக மோசமான திசையில் நிற்கும். ஒவ்வொரு தாளையும் முடித்த பிறகு லேத்தை நிறுத்தி, அதே தாளால் நீளவாக்கில் தேய்த்து அந்த வளையங்களை அழித்துவிட்டு, பிறகே அடுத்த நுண்மைக்குப் போக வேண்டும். நீர்த்தாளைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் சூடும் ஏறாது, தூளும் பறக்காது. 400 எண் தாளில் தொடங்கி 2,000 வரை ஒன்றையும் தாண்டாமல் போவது அலுப்பான வேலைதான். கண்ணாடிபோல் பளபளக்கும் பேனா அதே காரணத்தாலேயே வலிமையான பேனாவாகவும் இருக்கிறது என்பதை அறிந்தவருக்கு அந்த அலுப்புத் தெரியாது.

பொருள்களைப் பற்றிச் சில குறிப்புகள்

எபோனைட் என்பது ரப்பருடன் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கந்தகம் சேர்த்து வேகவைத்து இறுகச் செய்த பொருள். நெல்சன் குட்இயர் 1851-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ராஜமுந்திரியில் 1930-களில் தொடங்கிய கைப்பேனா மரபும், நம் திருவள்ளூரில் நடந்துவரும் பேனாக் கடைசலும் இதை நம்பியே வளர்ந்தவை. இந்த வரிசையில் மிகவும் பொறுமையான பொருள் இதுதான். கந்தக வாடை அடிக்கும், வெயிலில் நிறம் மங்கும்; ஆனால் நாடாவாகச் சீவ வரும், மரையும் சுத்தமாக நிற்கும்.

எருமைக் கொம்பு அடுக்கடுக்காக வளர்ந்த பொருளாதலால், அடுக்குக்கு இடையே பிரியும் ஆபத்து உண்டு. தண்ணீர் பட்டால் ஊதும். கொட்டாங்கச்சியின் கனம் சில மில்லிமீட்டர்தான், அதுவும் வளைவானது. ஆகவே அதில் நேராக ஒரு தண்டு கிடைக்காது. சிறு வளையங்களாகவோ துண்டுகளாகவோ வெட்டி, பிசினில் பதித்துக் கடைய வேண்டும். யானைத் தந்தமும் மான் கொம்பும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. பழைய சாமான் கடையில் எவ்வளவு அழகான துண்டு கண்ணில் பட்டாலும் அவற்றைப் பேனாவுக்கு நினைக்கக் கூடாது.

உடைந்த ஆத்தங்குடிக் கல்லின் சில்லுகளைப் பிசினில் வார்த்து நினைவுப்பேனா செய்யும் ஆசை இங்கே பலருக்கு இருக்கிறது. எனக்கும் அந்த எண்ணம் பிடிக்கும். ஆனால் அந்தக் கல்லில் இருக்கும் மணல் உளியின் விளிம்பை உடனே தின்றுவிடும். மழுங்கிய உளி சுற்றியுள்ள பிசினை உடைக்கும். கல்லின் நிறமேல்படலத்தை மட்டும் சுரண்டிப் பொடியாக்கி, சல்லடையில் சலித்துக் கலந்தால் அந்தச் சிக்கலைப் பெருமளவு குறைக்கலாம்.

செய்து முடித்த பேனாவில் முதலில் விரிசல் விழும் இடம் மூடியின் உதடு. அங்கே சுவர் மெல்லியது, ஒரு பக்கம் திறந்தது, ஒவ்வொரு முறை திருகும்போதும் உள்ளிருந்து விரிக்கப்படுவது. மூடியின் உதட்டில் போடும் உலோகப் பட்டையின் வேலை அந்த இழுப்பைத் தானே ஏற்றுக்கொள்வது. பட்டை போட விரும்பாதவர், உதட்டில் சுவரைச் சற்றுக் கனமாக விட்டு, உள்விளிம்பைக் கூர்மை போக உருட்டிவிட வேண்டும்.

விரிசல் கண்ணில் பட்டுவிட்டால், நீர்போன்ற சூப்பர் க்ளூவை அதில் ஊறவிட்டு மறைத்துவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். விரிசல் வெளிப்போர்வையில் இருந்தால் அப்படிச் செய்யலாம். மரையிலோ உதட்டிலோ இருந்தால் அந்தப் பாகத்தை ஒதுக்கிவிட்டுப் புதிதாகக் கடைவதுதான் நேர்மையான வழி, ஏனெனில் பசை பிளவை மூடுமே தவிர அதன் நுனியை மழுக்குவதில்லை.

தொடங்குபவர் எபோனைட்டில் கை பழகி, பிறகு அக்ரிலிக்குக்கும், அதன்பின் பாலியெஸ்டருக்கும், கடைசியாகக் கொம்புக்கும் கொட்டாங்கச்சிக்கும் போகலாம். எந்தப் பொருளானாலும், தண்டை வாங்கும்போதே மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக வாங்கி, அந்தத் துண்டை முதலில் அறுத்து, அதில் ஒரு துளையும் ஒரு மரையும் போட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் துளையின் வாயையும் மரையின் உச்சியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவை இரண்டும் சில்லு இல்லாமல் வந்த பிறகே பேனாவுக்கான தண்டை லேத்தின் சக்கில் (தண்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதியில்) மாட்டலாம்.